பாடும் ஆடுகளமும்

பழவேற்காடு ஏரியில் வலை விரிக்க கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்களுக்குப் 'பாடு' என்ற முறை உண்டு. பொதுத் தண்ணீர். சீட்டுப் போட்டு, உரிமையுள்ள எல்லோருக்கும் முறை வரும்.

அரசுப் பணத்தில் எழும் விளையாட்டரங்குகளுக்கு அப்படியொரு முறை இல்லை. 1993இல் சென்னையில் நேரு விளையாட்டரங்கம். 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம், 60 கோடிக்கு மேல். தொகுதிக்கொரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடி என்ற அறிவிப்புதான் பாடு முறைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. நல்ல திட்டம்.

ஏரிக்கரைக் குப்பத்துப் பையன்களோ மணலில் துடுப்பை நட்டு ஸ்டம்பாக்கி ஆடுகிறார்கள். காயும் வலைக்குள் பந்து விழுந்தால், கண்ணி அறுந்துவிடாமல் பொறுமையாகப் பிரித்தெடுக்கிறார்கள். அது அப்பாவின் வலை.

அவர்களுக்குத் தேவை மழைநீர் தேங்காத ஒரு சமதளம், இரண்டு விளக்கு. விளையாட்டுக்குப் பணம் ஒதுக்குகிறவர்கள் இந்த ஏரிக்கரைக்கும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.