பதினஞ்சு கிலோ

பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்ததும் 19 என்று காட்டியது. கவுண்டரில் இருந்த பெண் 15 கிலோதான் அனுமதி என்றார். மீதி 4 கிலோவுக்குப் பணம் கட்டணும். ஒரு கிலோவுக்கு அவர் சொன்ன தொகை எங்க ஊரில் ஒரு ஆளின் ஒரு நாள் கூலி.

2023 அக்டோபர். விஜயதசமிக்கு முன்னால் நாகபுரியில் ஒரு கருத்தரங்கு. 1956-ல் அண்ணல் அம்பேத்கர் பவுத்தம் ஏற்ற ஊர். ரயிலில் போனால் பதினாறு பதினேழு மணி நேரம். கைக்குழந்தைக்காரி என்று தோழர்கள் விமான டிக்கெட் போட்டுவிட்டார்கள். பாப்பாவுக்கு 22 மாசம். 2 வயசுக்குள் இருந்தால் மடியில் வைத்துக்கொள்ளலாம், தனி சீட்டு கிடையாது. அவளுக்கென்று தனியாகப் பெட்டி எடையும் கிடையாது என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. குழந்தைக்கு எடை இல்லையாம்! பெட்டியில் பாதிக்குமேல் அவள் சாமான்தான்.

வயசுக்கு அத்தாட்சியாகப் பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து எம்.ஏ. வரைக்கும் நான் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தது சாதிச் சான்றிதழ். பிறந்ததை மட்டும் கேட்ட இடம் இதுதான்.

எதை எடுப்பது? கருத்தரங்கில் விற்க 40 புத்தகம். அம்மா இடித்துக் கொடுத்த கேழ்வரகு மாவு, முறுக்கு, பாப்பா துணி. பின்னால் வரிசை நீளுகிறது. பாப்பா இடுப்பில் இருந்துகொண்டு தராசில் ஏறணும் என்று அழுகிறாள். பெட்டியைத் தரையில் திறந்து போட்டு உட்கார்ந்தேன். அத்தனை பேர் கண்ணும் என் பெட்டிக்குள்.

எங்க தாத்தா நினைவுக்கு வந்தார். ஆண்டை வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ரோட்டிலிருந்து பெட்டியைச் சுமந்துகொண்டு வருவது அவர் வேலை. வீட்டு வாசலுக்கு வெளியே இறக்கிவிட்டுத் தள்ளி நிக்கணும். பெட்டி உள்ளே போகும், சுமந்தவன் போக முடியாது. அண்ணல் எழுதியதும் நினைவிருக்கும். 1901-ல் அப்பாவைப் பார்க்கப் போன பிள்ளைகள் மசூர் ஸ்டேஷனில் மூட்டைகளோடு நின்றார்கள். மகர் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் வர மறுத்தார்கள். இரண்டு பங்கு கூலி கொடுத்து, வண்டியையும் தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். கூடையில் சாப்பாடு இருந்தது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை.

20 புத்தகத்தை எடுத்தேன். தோள் பையில் டயாபர், பால் பவுடர், பிளாஸ்க். அங்கேயும் 7 கிலோதான். எப்படியோ திணித்தேன். முறுக்குப் பொட்டலம் கையில் நின்றுவிட்டது.

கழிப்பறைக்குப் போகணும். பிள்ளையை யாரிடம் விடுவது? உள்ளே தரை துடைத்துக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"குடும்மா, நான் வச்சிக்கிறேன். போய்ட்டு வா."

திரும்பி வந்தபோது பாப்பா அவர் யூனிபார்ம் பட்டனைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எந்த ஊரு என்றார். விழுப்புரம் பக்கம் என்றேன். கொஞ்சம் குரலை இறக்கி, "காலனியா?" என்றார். "ஆமாக்கா." அவர் முகம் மாறியது, நெருக்கமாக மாறியது. காண்ட்ராக்டில் 4 வருசமாக வேலையாம். "பிளேன் சத்தம்தான் கேக்குறேன், உள்ள எப்படி இருக்கும்னு தெரியாது" என்றார். நான் மாற்றிய டயாபரைக் குப்பையில் போட்டபோது, இதையும் இவர்தானே எடுக்கணும் என்று கை நின்றது. மேடையில் மலம் அள்ளும் கொடுமை பற்றிப் பேசுகிற கை. முறுக்கை நீட்டினேன். சுமக்க முடியாததை அவர் தலையில் கட்டுகிற மாதிரி எனக்கே இருந்தது. பிரித்துப் பார்த்து நாலு எடுத்துக்கொண்டு, "மீதி பிள்ளைக்கு ஆவும், வச்சிக்க" என்றார்.

சோதனையிடத்தில் பாப்பாவின் பீப்பீ ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். தட்டில் வைத்து உள்ளே போனதும் ஒரே அலறல். எனக்கும் ஒரு நொடி பொட்டென்று அடித்தது. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த அப்பாவின் மகள் நான். ஆனால் முன்னால் நின்ற கோட்டுக்காரரும் தன் பூட்சைக் கழற்றிக்கொண்டுதான் இருந்தார்.

விமானத்தில் எனக்கு ஒரு பெல்ட், அதில் கோத்து அவளுக்கு ஒரு சின்ன பெல்ட். ஏறும்போதும் இறங்கும்போதும் காத்தழுத்தம் மாறுவதால் காது அடைக்கும், பிள்ளை எதையாவது விழுங்கிக்கொண்டே இருந்தால் விடும். இறங்கும்போதுதான் வலி அதிகம். பால் பாட்டிலை முதலிலேயே காலி பண்ணிவிட்டேன், அதுதான் தப்பு. நாகபுரி கீழே தெரிய ஆரம்பித்ததும் காதைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பக்கத்து சீட்டு அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த நேரத்தில் கைக்கு அகப்பட்டது முறுக்குதான். உடைத்து வாயில் வைத்தேன். கடித்து முழுங்க முழுங்க அழுகை இறங்கியது. புடவை முழுக்க முறுக்குத் தூள்.

பெட்டி வர அரை மணி ஆனது. ஒரு சக்கரம் போயிருந்தது. துப்பட்டாவைக் கைப்பிடியில் கட்டி இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பாப்பா தோளில் தூங்கிவிட்டாள். 40 புத்தகமும் வந்து சேர்ந்தது.