அந்தக் கணக்கு நம் பள்ளிக்கூடத்துக்கு வருமா?



நாமக்கல்காரனுக்கும் கோல்ஃப் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். போன மாதம் ஊட்டிக்குப் போயிருந்தேன். கோவையில் வங்கி வேலையில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் தான் ஆடுகிற இடத்தைக் காட்டினார். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லத் திணறிய பையன்!

மைதானம் என்றால் நம் ஊர் கபடிக் களம் போலச் சமதளம் இல்லை. வென்லாக் டவுன்ஸ் என்ற புல்மேடுகள். 1891 முதல் 1896 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அது. 7,000 அடிக்கு மேல் உயரம். மேடும் பள்ளமுமாக 18 குழிகள். ஒவ்வொன்றின் வாயும் நாலேகால் அங்குலம்தான். மலைக்காற்று லேசானது என்பதால் பந்து கூடுதல் தூரம் பறக்கும், சரிவில் உருண்டு எங்கோ போய்விடும். ஓரமெல்லாம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த கோர்ஸ் என்னும் மஞ்சள் பூ முட்புதர்.

அவர் அடித்த பந்து ஒன்று அந்தப் புதருக்குள் போனது. தேடுவதற்கு 3 நிமிடம்தான் அனுமதி. கிடைக்கவில்லை. தண்டமாக ஒரு அடி சேர்த்து எழுதிக்கொண்டு, முதலில் அடித்த இடத்துக்கே திரும்பி நடந்தார்.

"யாரும் பாக்கலையேப்பா?" என்றேன்.

"நான் பாத்தனுங்களே சார்" என்றார்.

இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் நடுவர் கூடவே வருவதில்லை. அவரவர் கணக்குக்கு அவரவரே பொறுப்பு.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது 'ஹேண்டிகேப்' என்ற முறை. தேர்ந்தவர் 72 அடியில் முடிக்க வேண்டிய மைதானம் என்று வையுங்கள். வழக்கமாக 90 அடி எடுப்பவருக்கு ஏறக்குறைய 18 அடி கழிவு உண்டு. இன்று அவர் 88-ல் முடித்தால் கணக்கு 70. கழிவே இல்லாத வல்லவர் 73-ல் முடித்தால், வெற்றி 88 எடுத்தவருக்கு! கழிவையும் கடைசி 20 ஆட்டங்களில் சிறந்த 8-ஐ மட்டும் வைத்தே கணிக்கிறார்கள். மோசமான நாட்களை மன்னித்துவிடுகிறார்கள்.

பணக்காரர் ஆட்டம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் பிறருடைய பையைச் சுமக்கும் கேடியாகத் தொடங்கிய கர்நாடகத்து முனியப்பா, 2009-ல் இந்திய ஓபன் பட்டத்தையே வென்றார்.

நம் மாவட்டம் முட்டைக்கும் லாரிக்கும் அடுத்தபடி மதிப்பெண்ணுக்குப் பேர் போனது. பொதுத்தேர்வில் முதலிடம் அறிவிப்பதை அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. நம் ஊர் ஃப்ளெக்ஸ் பேனர்கள் நிற்கவில்லை. 95 வாங்கியவன் 96 வாங்கினால் மாலை. 12 வாங்கியவன் 30 வாங்கினால் "இன்னும் பெயில்தானா?" என்று வீட்டில் அடி. ஆடு மாடு மேய்த்துவிட்டு, விளக்கடியில் படித்து அந்த 18 மதிப்பெண்ணை ஏறிய பிள்ளைகளை என் வகுப்பறையில் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் அந்த 30-ஓடு படிப்பை விட்டுவிட்டு தறிப்பட்டறைக்கும் கோழிப்பண்ணைக்கும் போனார்கள்.

பொதுத்தேர்வில் கழிவு கேட்கவில்லை. டாக்டருக்கும் இன்ஜினியருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்தான். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் மதிப்பெண் அட்டையில், வாங்கிய மார்க்குக்குப் பக்கத்தில் 'போன முறையைவிட எவ்வளவு' என்று ஒரு கட்டம் போட்டால் என்ன செலவு ஆகிவிடும்? பேனா மை மட்டும்தான்.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் இந்தப் பருவத்திலேயே செய்து பாருங்கள். எப்படி இருந்தது என்று கமெண்டில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்