கண்டும் காணாமல்

தெரிந்தே புறக்கணிப்பதை ஆங்கிலத்தில் ‘டர்ன் எ பிளைண்ட் ஐ’ என்பர். 1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன் கடற்போர். போரை நிறுத்துமாறு தளபதி ஹைட் பார்க்கர் கொடிச் சமிக்ஞை தந்தார். நெல்சனோ தம் பார்வையிழந்த வலக்கண்ணில் தொலைநோக்கியை வைத்து, ஒன்றும் தெரியவில்லை என்றாராம். 1794இல் கோர்சிகாவின் கால்வி முற்றுகையில் பழுதுற்ற கண் அது. தொடர் இதிலிருந்தே பிறந்ததென்பர். அதற்கு முன்னரே அச்சில் வழங்கியது என்பது வேறு செய்தி.

சமிக்ஞை ஏற்றப்பட்டதை நெல்சன் முன்பே அறிந்திருந்தார் என்பதுதான் கதையின் உயிர். மீறியது பார்த்த கண். பழி பாராத கண்ணுக்கு.

தமிழ் ‘கண்டும் காணாமல்’ என்கிறது. ‘கண்டும்’ என்னும் உம்மை, பார்த்ததை முதலிலேயே ஒப்புக்கொள்கிறது. எதிர்மறை வினையெச்சம் அதன்பின்னரே வருகிறது. பார்வையற்றவர் இத்தொடரில் எங்குமில்லை. குற்றம் முழுவதும் கண்டவனுடையது. (தமிழும் தூயதன்று: ‘குருட்டு நம்பிக்கை’ நம்முடையதே.) ஆயினும், ‘அரசு குருட்டுக் கண்ணைத் திருப்பியது’ என்று ஆய்வேடுகளில் எழுதுவோர் உளர். அதே துறையில் பயிலும் பார்வையற்ற மாணவர் அவ்வரியைத் திரைவாசிப்பு மென்பொருளின் குரலில் கேட்கிறார். நெறியாளர் காற்புள்ளியை மட்டும் திருத்திவிட்டு, அடுத்த பக்கம் புரட்டுகிறார்.