விளக்கில்லா இரவுகள்

சௌகரியங்களை இகழ்ந்து பேசுவார் கூட்டத்தில் யாம் சேர்ந்தவரல்லோம். கோடையில் குளிர்ந்த அறையையும், ஓய்வு வேளையில் திரைப்படத்தையும் வேண்டாவென்னும் மாணாக்கர் நம் விடுதியில் எவருமிலர். ஆயினும் அவற்றிற்கு யாம் கொடுத்து வந்த விலை யாதென்று ஒரு புயல் எமக்குக் கணக்குக் காட்டிற்று. அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

எமது ஊர் பேராவூரணிக்கு அருகில், தென்னந்தோப்புகளின் நடுவே உள்ளது. யாம் உடன்பிறந்தார் மூவர். பழைய ஓட்டு வீட்டில் கூடம் ஒன்றே. உண்பதும் உறங்குவதும் வழக்காடுவதும் அங்கேதான். 2016ஆம் ஆண்டில் மாடி வீடு எழுந்தது. அறைகள் பல வந்தன. அறைக்கொரு கதவும் வந்தது. எங்களுக்குக் குளிர்சாதனம், கூடத்திற்குச் சுவரை அடைக்கும் தொலைக்காட்சி, கைக்கொரு கைப்பேசி. சோற்றுத் தட்டை ஏந்தி அவரவர் அறைக்குச் செல்லும் வழக்கம் எந்நாளில் தொடங்கிற்றென்று எவர்க்கும் நினைவில்லை. பாட்டியார் மட்டும் கூடத்தில் அமர்ந்து தனியே உண்பார்.

நிற்க. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் வேதாரணியத்தை அடுத்துக் கரையேறிற்று. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்துடன் காற்று வீசிற்று. விடிந்து கதவைத் திறந்தபொழுது வானம் என்றுமில்லாத அகலமாய்த் தோன்றிற்று. அதனை மறைத்து நின்ற மரங்கள் இல்லை. எம் தோப்பின் 140 தென்னைகளுள் 11 எஞ்சின. மின்கம்பங்கள் ஒடிந்து வயலில் கிடந்தன. மின்சாரம் மீள 23 நாட்கள் ஆயின.

அந்நாட்களை இனிமையென்று புனைந்துரைக்க எமக்கு நாவெழவில்லை. வாடகை ஜெனரேட்டர் வரும்வரை தொலைவிலிருந்த அடிகுழாயிலிருந்து அன்னையார் நீர் சுமந்தார். அம்மியில் அரைத்துக் கை காய்த்தார். கொசுக்கடியும் புழுக்கமும் சொல்லி முடியா.

இரவில் வேறு வழியின்றி அனைவரும் மொட்டைமாடியில் பாய்களை அடுத்தடுத்து விரித்துப் படுத்தோம். பாட்டியார் தாம் சிறுமியாயிருந்தபொழுது கண்ட 1952ஆம் ஆண்டுப் புயலைக் கூறினார். கூரை பறந்த அவ்விரவில் அவர் தந்தையார் பிள்ளைகளை நெற்குதிருக்குள் இறக்கி வைத்தாராம். இதனை முன்னரும் பன்முறை சொல்லியிருக்கிறார் என்று அன்னையார் கூறியபொழுதுதான், யாம் ஒருமுறையேனும் செவிகொடுத்ததில்லை என்பது தெரிந்தது.

ஒன்பதாம் இரவு. தம்பி நீர் அருந்த எழுந்தான். தந்தையாரின் பாய் வெறிதாய் இருந்தது. கதவடைத்த அறைகளில் உறங்கியிருப்பின் அதனை எவர் கண்டிருப்பார்? தம்பி எங்களை எழுப்ப, மூவரும் விளக்கின்றித் தோப்பிற்கு ஓடினோம். வீழ்ந்த மரமொன்றின்மேல் அவர் அமர்ந்திருந்தார். “அப்பா, வீட்டுக்கு வாங்க” என்றாள் தங்கை. நெடுநேரம் அவர் எழவில்லை. இருளில் முகம் தெரியாமை அவருக்கு உதவியாயிற்று போலும்; பின்னர் மெல்லச் சொன்னார். இரண்டாண்டுக் காய்களுக்கு வணிகர் ஒருவரிடம் முன்பணம் வாங்கியிருந்தார். குளிர்சாதனமும் தொலைக்காட்சியும் அப்பணமே. “பிள்ளைகள் கேட்டீர்கள், இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. இப்பொழுது கொடுக்கக் காயுமில்லை, காசுமில்லை” என்றார்.

கேட்டவர் யாமே. ஒருமுறையன்று, பலமுறை கேட்டோம். பக்கத்து வீட்டாரைச் சுட்டிக்காட்டியும் கேட்டோம். எப்படி வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டிலோம். அவ்விரவு முதல் தந்தையாரின் பாயை நடுவில் விரித்தோம்.

மின்சாரம் மீண்ட மாலை ஊரே ஆரவாரித்தது, யாமும் ஆரவாரித்தோம். ஒரு நாழிகைக்குள் மூவரும் மூன்று அறைகளில் இருந்தோம் என்பதையும் மறையாமல் எழுதுகிறோம். மாடியில் பாயை விரித்துக் காத்திருந்த பாட்டியார் தாமே சுருட்டிக்கொண்டு இறங்கி வந்தார். மறுநாள் அன்னையார் சொல்லவே அறிந்தோம்.

குளிர்சாதனத்தையும் தொலைக்காட்சியையும் அம்மாதமே விற்றோம். பாதி விலைதான் கிடைத்தது. எஞ்சிய கடனைத் தீர்க்க மூன்றாண்டுகள் ஆயின. இரவு உணவு இப்பொழுது கூடத்தில். விடுமுறைக்குச் செல்லுந்தோறும் வழக்கும் அங்கேயே நிகழ்கிறது. புயலுக்கு மறு ஆண்டு நட்ட தென்னங்கன்றுகள் காய்க்கத் தொடங்கியுள்ளன. முதற் குலையைத் தந்தையார் வெட்டிக் கொணர்ந்து, பாட்டியார் உண்ண அமரும் இடத்தில் வைத்தார். அதனைக் காண அவர் இல்லை.