கட்டாத கப்பல்

விடுமுறைக்கு வந்த பேரன் நாள் முழுக்கக் கணினியில் கடற்போர் நடத்துகிறான். வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ் என்று ஒரு விளையாட்டு. "இதுதான் தாத்தா மினோட்டார். பிரிட்டிஷ் லைட் க்ரூஸர்" என்று காட்டினான். ஐந்து மேடைகளில் இரண்டிரண்டாகப் பத்து ஆறு அங்குலப் பீரங்கிகள். புகையைக் கக்கிவிட்டு அதற்குள் ஒளிந்துகொண்டு சுடுகிறது.

"எந்தப் போர்ல சண்டை போட்டுதுடா?" என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அப்படி ஒரு கப்பலே கிடையாதாம். 1947-ல் வரைபடம் போட்டிருக்கிறார்கள். உலகப்போர் முடிந்து நாடே கடனில் இருந்த நேரம், யார் கட்டுவது? காகிதத்தோடு சரி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 32 வருடம் வரைவாளராக இருந்தவன் நான். இராப்பகலாக வரைந்த ஓர் ஆற்றுப்பாலம் நிதியில்லை என்று பீரோவுக்குள் போனது. ஓய்வு பெற்ற அன்றும் அதுதான் நெஞ்சில் உறுத்தியது. வீட்டில்கூட யாரிடமும் சொன்னதில்லை.

அன்று பேரனிடம் சொன்னேன். ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "வரைஞ்சு காட்டுங்க தாத்தா" என்று நோட்டை நீட்டினான்.

கை கொஞ்சம் நடுங்கியது. ஆனால் பதினோரு கண்ணும் அப்படியே நினைவில் இருந்தன.