ஹாக்கின்ஸ் மாதிரி வாசிக்காதவர்

டெனர் சாக்ஸபோன் என்றாலே கனமாக முழங்கும் என்று நினைத்திருந்தேன். லெஸ்டர் யங் வாசித்ததைக் கேட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து யாரோ மெதுவாகப் பேசுவது மாதிரி இருந்தது.

அந்த மென்மைக்காகவே அவர் பேச்சு வாங்கியிருக்கிறார். 1934-ல் நியூயார்க்கின் ஃப்ளெட்சர் ஹெண்டர்சன் குழுவில், கோல்மன் ஹாக்கின்ஸ் விட்டுச்சென்ற இடத்துக்கு வந்தார் யங். குழுவினருக்கு இவருடைய ஒலி பிடிக்கவில்லை. தங்கியது ஹெண்டர்சன் வீட்டில். அங்கேயும் நிம்மதி இல்லை. ஹெண்டர்சனின் மனைவி லியோரா காலையிலேயே ஹாக்கின்ஸ் இசைத்தட்டுகளைப் போட்டு, இப்படி வாசிக்கக் கூடாதா என்று கேட்பாராம். வேறு வீட்டு மருமகளைக் காட்டிக் காட்டிப் பேசும் மாமியார்தான் எனக்கு ஞாபகம் வந்தார்! சில மாதங்களில் யங் கிளம்பிவிட்டார்.

அவர் மனதில் இருந்தவர் ஃப்ராங்கி ட்ரம்பவர். டெனரைவிடச் சிறிய சி-மெலடி சாக்ஸபோன் வாசித்த வெள்ளைக்காரர். அந்த லேசான ஒலியை டெனரில் கொண்டுவரத்தான் முயன்றதாக யங்கே சொல்லியிருக்கிறார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேடையில் வாசிப்பதே அபூர்வமான காலம் அது. இசைத்தட்டுக்கு அந்தத் தடை இல்லை.

1936-ல் கவுன்ட் பேஸியுடன் யங் பதிவு செய்த 'லேடி பி குட்' கேட்டுப் பாருங்கள். வால்யூமைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள்.