முன் அச்சில் ஒரு பாகப்பிரிவினை

கொழுக்குமலை இருப்பது நம்ம தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவில் நுழைந்து, சூரியநெல்லியில்தான் ஜீப் பிடிக்க வேண்டும். மாமியார் வீட்டு வாசல் வழியாகத் தன் வீட்டுக்குள் போகிற கதை!

விடியற்காலை நாலரை மணி. ஸ்டாண்டில் வரிசையாகப் பழைய மஹிந்திரா ஜீப்புகள். பக்கத்தில் சென்னைப் பையன்கள் நிறுத்தியிருந்த இரண்டு தார்கள். ஒன்று 2010-ல் வந்த ரகம், மற்றது 2020-ல் வந்த ரகம். இரண்டுமே ஃபோர் வீல் டிரைவ். டீ வரும்வரை சும்மா இருப்பானேன்? டிரைவரிடம் டார்ச் வாங்கி மூன்றுக்கும் அடியில் குனிந்தேன்.

"என்ன சார் தொலைச்சீங்க?" என்றார் அவர்.

"முன் அச்சைத் தேடறேண்ணே!"

ஜீப்பில் முன்சக்கரம் இரண்டையும் ஒரே இரும்புக் குழாய் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதிலேயே பூசணிக்காய் மாதிரி டிஃபரன்ஷியல். கூடவே பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். 1947-ல் மஹிந்திரா பூட்டி விற்க ஆரம்பித்த வில்லிஸ் ஜீப்பின் அதே ஏற்பாடு.

2010 தாரில் அந்தக் குழாயே இல்லை. டிஃபரன்ஷியல் சேஸிஸோடு போய்விட்டது. சக்கரத்துக்குச் சக்கரம் தனித்தனிக் கைகள். லீஃப் இருந்த இடத்தில் முறுக்கிக்கொடுக்கும் டார்ஷன் பார். 2020 தாரில் அதுவும் போய், சுருள் ஸ்பிரிங். கூட்டுக்குடும்பம் தனிக்குடித்தனம் ஆகிவிட்டது!

அதே வில்லிஸ் தாத்தாவின் அமெரிக்கப் பேரன் ராங்ளர். அவரும் 1997 மாடலில் லீஃபை விட்டுச் சுருளுக்கு மாறினார். ஆனால் தாத்தாவின் அச்சை மட்டும் இன்றுவரை விடவில்லை.

காரணம் மலையேறும்போது புரிந்தது. இடது சக்கரம் பாறைமேல் ஏறியதும், அச்சு சாய்ந்து வலது சக்கரத்தைக் கீழே அழுத்திப் பிடித்தது. டிஃபரன்ஷியலும் கூடவே மேலெழும்பியதால் கல்லில் இடிக்கவில்லை. இடித்ததெல்லாம் என் தலைதான்! நல்ல ரோட்டில் கதையே வேறு. அங்கே ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதும், ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடும். தனிக்குடித்தனத்தில் அந்தத் தொல்லை குறைவு.

உச்சியில் தேயிலை ஃபேக்டரி. கீழே தேனிப் பக்கம் முழுக்க மேகம். டிரைவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. முன் பட்டையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புது வண்டி வாங்கலாம்னு பையன் சொல்றான் சார். இதுல பட்டை ஒடிஞ்சா சாயங்காலம் பட்டறையில மாத்திட்டு, மறுநாள் சவாரிக்கு வந்துடுவேன். ஒருநாள் வண்டி நின்னா வீட்ல உலையும் நிக்கும்."

ஆக, வாரமெல்லாம் ஆபீஸ், வருஷத்துக்கு ஒருமுறை மலை என்கிற நம்மைப் போன்றவர்களுக்குத் தனிக்குடித்தனமே இடுப்புக்கு நல்லது. பாறைதான் சோறு போடுகிறது என்றால் தாத்தாவின் அச்சு. இ.எம்.ஐ. கையெழுத்துக்கு முன்னால் வெட்கப்படாமல் ஒருமுறை குனிந்து பாருங்கள். சேல்ஸ்மேன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். தவணை கட்டப்போவது அவரில்லையே!